படகம்மாவுக்கு ஒரு சாண் இடம்

இஸோகாமி துறை, சுஷிமாத் தீவு
12 நவம்பர் 1993

இஸாமு தம்பிக்கு,

உங்கள் அண்ணனின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வரவில்லை, உங்கள் மலர்வளையம் வந்தது. ஆளுயரம் இருந்தது. வாசலில் வைத்தால் வருகிறவர்களுக்கு வழியில்லை, உள்ளே வைத்தால் பிட்சுவுக்கு உட்கார இடமில்லை. கடைசியில் கடையில் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் மேசைப் பக்கம் நிறுத்தினோம். அமில வாடையில் மறுநாளே தலை தொங்கிவிட்டது. நன்றி.

"கம்பெனிச் சம்பளத்துக்குப் போறவன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று நீங்கள் கிளம்பிய அன்று உங்கள் அண்ணன் கத்தியது எனக்கும் நினைவிருக்கிறது. அவர் வாழ்நாளில் சொன்ன எதையும் யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. கட்டிய பெண்டாட்டி நானே கேட்டதில்லை.

முதலில் போன்தான் செய்தேன். உங்கள் விடுதிக் காவலாளி, "அவரு வெளிய போயிருக்காரும்மா" என்றார். அவருக்குப் பின்னால் நீங்கள் இருமுவது கேட்டது. இருமலுக்கு இஞ்சிச் சாறு குடியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வரும் ஏப்ரலிலிருந்து, சான்றிதழ் பெற்ற மின்பணியாளர் கையெழுத்துப் போட்ட வேலைக்குத்தான் படகுக் காப்பீடு செல்லுமாம். போன வருஷம் வடக்குத் துறையில் ஒரு கணவாய் மீன் பிடிக்கும் படகு, மீனை வரவழைக்கும் விளக்கின் வயர் உருகி எரிந்துபோனது அல்லவா, அதன் பலன். படகுகளுக்கு வயர் போடும் நம் கடையில் இருந்த ஒரே சான்றிதழ் உங்கள் அண்ணனுடையது. ஆள் போனதும் அதுவும் போயிற்று. ஏப்ரலுக்குள் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். படகுகள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கடைக்குப் போய்விடும்.

சங்கத்து எழுத்தர் நகாஹாராதான் யோசனை சொன்னார். அவர் காது கேட்காதவர்போலக் கத்திப் பேசுவது உங்களுக்குத் தெரியுமே. "உன் கொழுந்தன்கிட்ட சான்றிதழ் இருக்கில்ல? ஆளு வர வேணாம் கினுயோ, பேரு வந்தா போதும்!" ரகசியமாகச் சொல்கிறாராம். மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் பெயரைத் தருவீர்களா? வேலையை நான் பார்த்துக்கொள்வேன்.

நான் அழவில்லை என்று ஊரில் பேச்சு. டோஃபு கடைக்காரி என் காது படவே, "கல்லு கணக்கா நிக்கிறா பாரு" என்றாள். உண்மைதான். தகனக் கூடத்தில் அவரை உள்ளே தள்ளும்போது, நான் புகை வெளியேற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வெளியே வந்ததும் அந்த ஊழியரிடம் சொன்னேன். அவர் தலை குனிந்து, மிகுந்த மரியாதையோடு குறித்துக்கொண்டார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இன்னும் தோன்றவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

கினுயோ


ஷிமோனோசெகி
25 நவம்பர் 1993

அண்ணிக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கேயும் தொடங்கியிருக்கும். உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

பெயரைத் தர முடியாது. நான் பார்க்காத வேலையில் என் கையெழுத்து இருந்து, படகு நடுக்கடலில் எரிந்தால், கம்பி எண்ணப்போவது நான். நகாஹாரா வந்து எண்ண மாட்டார். கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் தர முடியாது.

இன்னொன்று புரியவில்லை. வேலையை நான் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வேலையை? அண்ணன் இல்லாமல் யார் செய்வார்கள்? நீங்கள் கடையில் டீ போட்டு, ஃபியூஸ் விற்றுப் பார்த்திருக்கிறேன். சுக்கானறை மின்பலகையைக் கழற்றிப் பார்த்ததில்லை.

கடையை மூடிவிடுவது நல்லது. எங்கள் கப்பல் கட்டும் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். தங்க இடம் உண்டு. வேண்டுமென்றால் சொல்லிவைக்கிறேன். வேண்டாமென்றால் தேர்வை நீங்களே எழுத வேண்டியதுதான். ஜனவரியில் ஹகாத்தாவில் பயிற்சி வகுப்பும் தேர்வும் நடக்கும். கேள்விகள் கடினம்.

மலர்வளையம் பற்றி: கடைக்காரரிடம் நடுத்தரமானது என்றுதான் சொன்னேன்.

இஸாமு


இஸோகாமி துறை
30 ஜனவரி 1994

இஸாமு தம்பிக்கு,

குளிர் தொடங்கிவிட்டது என்று தெரிவித்ததற்கு நன்றி. இரண்டு பேரும் ஒரே கடலின் கரையில்தான் இருக்கிறோம்.

எந்த வேலையை என்று கேட்டீர்கள். நீங்கள் போனபின் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆறேழு வருஷமாக உங்கள் அண்ணனுக்குக் கை நடுக்கம். முதலில் ஸ்க்ரூ கீழே விழும். "ச்சே, வழுக்குது" என்பார். பிறகு டீக்கோப்பையே வழுக்க ஆரம்பித்தது. அதன்பின் பலகைக்கு அடியில் படுத்து வயர் கட்டியது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். துறைமுகமே பார்த்தது, யாரும் பார்க்கவில்லை. "தொகுஜி, போன தடவை நீ போட்ட வயர் பிரமாதம்டா" என்று படகுத் தலைவர்கள் அவர் முதுகில் தட்டுவார்கள். என் முதுகில் கிரீஸ் இருக்கும், தட்ட முடியாது.

சாப்பாட்டுக் கூடத்து வேலைக்கு வேறு யாரையாவது பாருங்கள். என் சமையல் உங்களுக்கு நினைவில்லை போலிருக்கிறது. ஹகாத்தாவுக்குப் போனேன்.

வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். முதல் நாள் பின்வரிசை ஆள் ஒருவர் எழுந்து, "டீ எப்போம்மா வரும்?" என்று கேட்டார். "நீங்க எந்திரிச்சிட்டீங்கல்ல, எனக்கும் சேர்த்து எடுத்துட்டு வாங்க" என்றேன். கொண்டுவந்தார், பாவம். ஹிராதோக்காரர். அவருக்கும் முடி இல்லை, எனக்கும் மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. சேர்ந்து உட்கார்ந்து ஓம்ஸ் விதியைப் படித்தோம். எழுத்துத் தேர்வில் இரண்டு பேருமே தேறிவிட்டோம். கேள்விகள் கடினம் என்று பயமுறுத்தினீர்களே, மின்தடை என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். உங்கள் பெயரை எழுதலாமா என்று பார்த்தேன்.

செய்முறையில்தான் தோற்றேன்.

ஆளுக்கொரு ப்ளைவுட் பலகை. இதுதான் உங்கள் சுக்கானறைச் சுவர், இந்த மூலையில் ஃபியூஸ் பெட்டி, அந்த மூலையில் விளக்கு, வயரை ஓட்டிப் பூட்டுங்கள் என்றார்கள். வயரை அளந்து வெட்டியே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். எனக்கா தெரியாது? கை தானாகப் போனது. கிளாம்ப் அடித்தேன், முனையை அழுத்திப் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன், கல்லாக நின்றது. கடைசி முனைக்கு வந்தால், வயர் நாலு விரல் குறைகிறது.

தேர்வாளர் என் பலகையை வந்து பார்த்தார். இளைஞர், உங்கள் நகத்தைவிடச் சுத்தமான நகம். நடுவில் விரலை வைத்தார்.

"இங்க எதுக்கும்மா இந்த வளைவு? நேரா வந்திருந்தா சரியாப் போயிருக்குமே."

அப்போதுதான் நானே பார்த்தேன். பலகையின் நட்டநடுவில் ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி ஓட்டியிருக்கிறேன்.

"அங்க அவங்க இருக்காங்க" என்றேன்.

"யாரு?"

"படகம்மா."

அவர் பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நான் சொன்னேன்: எங்கள் பக்கம் படகு கட்டி முடித்ததும், சுக்கானுக்கு எதிரே நடுச்சுவருக்குள் ஒரு சிறு பொந்து குடைந்து, படகுத் தலைவரின் மனைவியின் கூந்தலில் ஒரு கொத்து, இரண்டு பகடைக்காய், கொஞ்சம் காசு, எல்லாம் வைத்துத் தச்சர் அடைத்துவிடுவார், அதுதான் படகைக் காக்கும் அம்மா, அங்கே துளை போடக் கூடாது, வயர் போகக் கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இது ப்ளைவுட்மா" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நகாஹாராவாக இருந்தால் ஹகாத்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகுதான் தெரிந்தது. ஹிராதோக்காரரும் வயர் பலகையின் நடுவுக்கு வந்ததும் கையை நிறுத்தியிருக்கிறார். கண்ணை மூடிச் சட்டென்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக ஓட்டிவிட்டார். சான்றிதழும் வாங்கிவிட்டார். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. அங்கே கும்பிட ஏதோ இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் எனக்குத் தெரியாதே, கைக்குத்தான் தெரிந்திருந்தது.

மார்ச் நடுவில் மறுதேர்வு. அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கடுத்தது ஏப்ரலுக்கு அப்புறம்.

திரும்பி வரும் கப்பலில் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். நான் அவித்த முட்டை சாப்பிட்டேன். வருத்தமும் இல்லை.

கினுயோ


ஷிமோனோசெகி
9 பிப்ரவரி 1994

அண்ணிக்கு,

இங்கே பனி பெய்தது. (ஒரே கடல்தான். தெரியும். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.)

கை நடுக்கம் எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுதேர்வுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். நேராக ஓட்டுங்கள். அது ப்ளைவுட். உள்ளே யாரும் இல்லை.

இங்கே வந்த புதிதில் நானும் சுற்றித்தான் ஓட்டினேன். மேஸ்திரி வந்து, "என்னடா இது, வயர் உங்கப்பன் வீட்டுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நேராக ஓட்டுகிறேன். எஃகுத் தகடு, துளை போட்டால் பொறி பறக்கும், அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு மாதிரி இருக்கும். அதன்பிறகு எதுவும் இருக்காது.

வீட்டில் ஒரு பலகையை நிறுத்தி, தினமும் நேராக ஓட்டிப் பழகவும். கை பழகினால் போதும். மனம் தேவையில்லை.

இஞ்சிச் சாறு குடித்தேன். இருமல் நிற்கவில்லை.

இஸாமு


இஸோகாமி துறை
3 ஏப்ரல் 1994

இஸாமு தம்பிக்கு,

தேறிவிட்டேன். சான்றிதழ் தபாலில் வந்தது. பெயருக்குப் பின்னால் முத்திரை. படம் மட்டும் திருடி மாதிரி இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி கடையில் ஒரு பலகையை நிறுத்தித் தினமும் நேராக ஓட்டினேன். முதல் சில நாள் கை விலகியது. பிறகு விலகவில்லை. தேர்வன்று அதே சுத்தமான நகத்துக்காரர். நான் வயரை நடுவில் கொண்டுவந்ததும் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தார். நேராக ஓட்டினேன், கிளாம்பை நட்டநடுவில் அடித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன், கேட்கத் தோன்றவில்லை. தகனக் கூடத்தில் இருந்தது போலவே இருந்தது. அவர், "பிரமாதம்மா" என்றார். வயர் இரண்டு விரல் மிச்சம்.

முதலாம் தேதி சங்கத்துக்குப் போய்ச் சான்றிதழை நீட்டினேன். நகாஹாரா, "ஆகா! இனி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது!" என்று கத்தினார். வெளியே வந்தால் படகுத் தலைவர் உமேதானி நிற்கிறார். அவர் படகில்தான் முதல் வேலை, விளக்கு வரிசையில் பாதி எரியவில்லை. பெட்டியோடு ஏறப் போனேன். கையை விரித்து மறித்துக்கொண்டார்.

"தனியாவா ஏறப் போற?"

"தனியா இல்லாம? சான்றிதழைத் தோள்ல உக்கார வெச்சுக்கிட்டா?"

"சங்கத்துல பாஸ் ஆயிட்ட கினுயோ, சரி. படகம்மாகிட்ட ஆவணுமே? ஒத்தப் பொம்பளை ஏறினா அவங்களுக்குப் பொறாமை வந்துடும். வலையில ஒரு கணவாய் விழாது."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. ரெண்டு முழங்கால்லயும் பிளாஸ்திரி. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட அவங்களுக்கு வேற வேலை இல்லியா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தொகுஜி கூட இருந்தப்போ ஏறினே, யாரு என்ன சொன்னாங்க?"

உண்மை. அவர் உட்கார்ந்திருந்தார், நான் ஏறினேன். இத்தனை வருஷமும் வேலையில் அவர் பங்கு என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

துறை முழுக்க ஒரே பதில். "ஆளோட வா." உமேதானி கெட்டவர் இல்லை. அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு பெண்கள் சேர்ந்து ஏறினால் பரவாயில்லையாம், அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள், அம்மா கண்டுகொள்ள மாட்டாளாம். தன் மனைவி தோமியேவை அனுப்பிவைத்தார். கட்டிப் போட்ட படகிலும் அவளுக்குத் தலை சுற்றும். ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோலை முகர்ந்தபடி, ஊரில் யாருக்கு யாரோடு தொடர்பு என்று வாந்திகளுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தாள். (டோஃபு கடைக்காரியின் கதை ஒன்று இருக்கிறது, தாளில் எழுத முடியாது.) விளக்குகளைச் சரிசெய்தேன். கையெழுத்தும் போட்டேன். ஆனால் தோமியே இனி வர மாட்டாள். மற்றவர்களின் மனைவிகளுக்கு மீன் காய வைக்கும் வேலை, ஆண்களுக்கு அவரவர் படகு.

மே முடிந்தால் கணவாய்க் காலம் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாப் படகும் விளக்குச் சரிபார்க்க வேண்டும். ஆள் இல்லையென்றால் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். இந்த வருஷம் போனவை அடுத்த வருஷம் திரும்பாது.

உங்கள் பெயர் இப்போது வேண்டாம், பெயர் என்னிடமே இருக்கிறது. விடுமுறை நாட்களில் வந்து படகில் உட்கார முடியுமா? வயரைத் தொட வேண்டாம். உட்கார்ந்தால் போதும். சுற்றுவட்டாரத்தில் சான்றிதழோடு சும்மா உட்காரும் ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கினுயோ

பி.கு.: உமேதானி படகில் சுற்றித்தான் ஓட்டினேன். கை கொஞ்சம் யோசித்தது. பிறகு விலகிப் போயிற்று.


ஷிமோனோசெகி
15 ஏப்ரல் 1994

அண்ணிக்கு,

இங்கே செர்ரிப் பூ கொட்டிவிட்டது.

தேறியதற்கு வாழ்த்து. கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் எங்களுக்குத் தொடர் விடுமுறை. அதோடு சேர்த்து, இதுவரை எடுக்காத விடுப்பையும் கேட்டிருக்கிறேன். மேஸ்திரி, "என்னய்யா, கல்யாணமா?" என்றார். "இல்லை, உட்காரப் போறேன்" என்றேன். எதுவும் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாத இறுதியில் கப்பல் ஏறுகிறேன். கடைக்கு வரவில்லை. நேராகத் துறைக்கு வருகிறேன்.

எனக்கு இந்த வேலை பழக்கமில்லை. நான் எங்கே இருந்தாலும் கை ஏதாவது செய்துகொண்டிருக்கும். அதனால் கேட்கிறேன். அண்ணன் எங்கே உட்காருவார்? என்ன செய்வார்? நான் என்ன செய்ய வேண்டும்?

இஸாமு


இஸோகாமி துறை
21 ஏப்ரல் 1994

இஸாமு தம்பிக்கு,

சுக்கானறை வாசலுக்கு வலப்பக்கம், எஞ்சின் மூடியின்மேல். இரும்பு, குளிரும். துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காருங்கள். கால்களைக் கடல் பக்கம் நீட்டக் கூடாது, வழியில் இருக்கும், நான் தடுக்கி விழுவேன். அவர் நீட்டுவார். திட்டுவேன்.

என்ன செய்வார் என்று கேட்டால், ஒன்றும் செய்ய மாட்டார். பாதி நேரம் தூங்குவார். நீங்களும் தூங்கலாம். வருகிறவன் போகிறவனிடம் இந்த வருஷம் கணவாய் விலை என்னாகும் என்று பேசுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. யாராவது வேலையைப் பாராட்டினால் தலையை ஆட்டிவிடுங்கள், எனக்கு அதனால் ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். போன கடிதத்தில் இதை எழுதவில்லை.

வேலை முடிந்து மின்சாரம் விடுவதற்கு முன்னால், பலகைக்கு அடியிலிருந்தபடியே நான் "போடப் போறேன்" என்பேன். யார் கையும் வயரில் இருக்கக் கூடாது அல்லவா, அதற்காக. அவர் "ம்" என்பார். தூக்கத்திலும் சொல்வார். அதன்பிறகுதான் சுவிட்சைப் போடுவேன்.

அன்றைக்கு உமேதானி படகில் எல்லாம் முடித்து, "போடப் போறேன்" என்றேன். பதில் வரவில்லை. காத்திருந்தேன். இன்னொரு தடவை சொன்னேன். தோமியே பையிலிருந்து தலையைத் தூக்கி, "யாருகிட்டடி சொல்ற?" என்று கேட்டாள். கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு பலகைக்கு அடியிலேயே படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் பயந்துபோய் உமேதானியைக் கூப்பிடப் படகை விட்டு இறங்கிப் போனாள். சுவிட்சை வந்து போட்டது அவர்தான். எல்லா விளக்கும் எரிந்தன. "ஷாக் அடிச்சிடுச்சா, கண்ணெல்லாம் தண்ணியா இருக்கு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நீங்கள் "ம்" என்று சொன்னால் போதும். சத்தமாக வேண்டாம், அவர் சத்தமாகச் சொன்னதில்லை.

கினுயோ